நாடு பார்க்க வருகிறது

வியாழக்கிழமை வடகடல் ஒன்றியம் ஆதிரையைப் பார்க்க வருவதாக இருந்தது. புதன்கிழமையே வீடு ரெண்டுபட்டது.

எதிர்வீட்டு நவீன் தன் சோபாவை இரவல் கொடுத்தார். மூன்றாம் மாடியிலிருந்து ஒரு அலமாரி புத்தகங்களோடு இறங்கி வந்தது. யாரும் தொடாத புத்தகங்கள் என்று தெரிந்துவிடக் கூடாதே என்று அம்மா சுபிக்ஷா சிலவற்றின் ஓரங்களை மடித்து வைத்தாள். அப்பா கோகுல் மறுநாள் தன் கையால் மனைவிக்குக் காபி போட்டுக் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. மனிதர் கல்யாணமான நாளிலிருந்து அடுப்பங்கரைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. ஒத்திகையிலேயே பால் பொங்கி அடுப்பு அணைந்தது.

சிரிக்காதீர்கள். அப்போது கோயம்புத்தூரில் பிள்ளை படிக்கிற எல்லா வீட்டிலும் இந்தக் கூத்துதான். பரீட்சையையும் விண்ணப்பக் கட்டுரையையும் இயந்திரங்களே எழுதித் தரத் தொடங்கியபின் எந்த நாடும் மதிப்பெண்ணை நம்பவில்லை. நேரில் பேசிப் பார்த்தார்கள். காதுக்குள் ஒளிந்திருந்த கருவி பதில் சொல்லிக்கொடுத்தது. கடைசியில், வீட்டுக்கே போய்ப் பார்த்துவிடுவது என்று நாடுகளெல்லாம் முடிவுகட்டின. அதற்காக வந்ததுதான் இல்லநோக்கி. பூசணிக்காய் அளவில், மூன்று சக்கரத்தில் உருண்டு வரும். கூடத்தில் நின்று பாதிநாள் பார்க்கும். யார் யாரோடு எப்படிப் பேசுகிறார்கள், யாருக்கு எப்போது நாடி துடிக்கிறது, யார் தட்டில் முதலில் சோறு விழுகிறது என்று எல்லாவற்றையும் அளந்துகொண்டு போய் ஒரே ஓர் எண்ணைச் சொல்லும். எண் பிடித்தால் படிப்பு இலவசம், முடித்ததும் குடியுரிமை. ஆனால் ஆளுக்கு ஒரே நாடுதான் கேட்கலாம். அதுவும் ஒரே முறைதான்.

அது எதை அளந்து எண் போடுகிறது என்று மட்டும் எந்த நாடும் வாய் திறக்கவில்லை. ஊர் சும்மா இருக்குமா? பேக்கரிக்குப் பேக்கரி நடுவே ஒரு பார்வைப் பயிற்சி மையம் முளைத்தது. பாசமான குடும்பத்துக்கு எண் கூடும் என்றது ஒன்று. சுத்தமான கழிப்பறைக்குத்தான் கூடும் என்றது இன்னொன்று.

எந்த நாட்டைக் கேட்பது என்பதிலேயே இந்த வீட்டில் ஒரு மாதம் சண்டை நடந்தது. அப்பாவுக்குக் கனடா, ஏனென்றால் அவர் தங்கை அங்கே இருந்தாள். அம்மாவுக்கு நியூசிலாந்து, ஏனென்றால் அப்பாவின் தங்கை அங்கே இல்லை. ஆதிரைக்கு வேண்டியது கடலலை மின்னியல். அதைக் கடலுக்குள்ளேயே மிதக்கும் கல்லூரியில் வைத்துச் சொல்லித்தருவது வடகடல் ஒன்றியம் ஒன்றுதான். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அந்தப் பைத்தியம் அவளுக்கு. "படிக்கப் போறது நானா, நீங்களா?" என்று ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டாள். அதோடு நாடு முடிவானது.

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. அண்ணன் செழியன்.

செழியனுக்கு வயது இருபத்துநான்கு. ஆள் வாட்டசாட்டமாக இருப்பான், தாடி உண்டு. பேச்சும் விளையாட்டும் மட்டும் ஆறு வயதுப் பிள்ளையினுடையவை. வீட்டுக்கு யார் வந்தாலும் ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பான். கேஸ் சிலிண்டர் போட வந்தவரைக்கூட விட்டதில்லை. சந்தோஷம் வந்தால் கைதட்டிக்கொண்டே கத்துவான்.

"குறைன்னு ஒண்ணும் கண்ணுல படக் கூடாதுங்க," என்று பயிற்சி மையத்தில் பொதுவாகத்தான் சொன்னார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, அண்ணனின் பெயரைச் சொல்லாமல், "மாடியில தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல அந்த மோட்டார் ரூம் சும்மாதானே இருக்கு?" என்று கேட்டது ஆதிரைதான்.

அம்மா மடித்த துணியையே மறுபடி மடித்தாள். அப்பா செய்தித் திரையைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தார்.

"மூணு நாலு மணி நேரம்தானேம்மா. நான் என்ன வேணும்னேவா பண்றேன்? எனக்கு மட்டும் ஆசையா?"

பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பின்கட்டில் உட்காரவைக்கிற வழக்கம் அவர்கள் சொந்தத்தில் உண்டு. அம்மாவின் கல்யாணத்துக்கு அவள் சித்தப்பா ஒருவரை அப்படித்தான் மறைத்தார்கள். புதிதாக ஒரு பாவமும் செய்யவில்லை என்று மூன்று பேரும் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள், வாய்விட்டுச் சொல்லாமல்.

வியாழக்கிழமை இல்லநோக்கி வந்தது. ஆரத்தி எடுக்கலாமா என்று அம்மா ஒரு கணம் தடுமாறிப்போனாள்.

"வணக்கம். நீங்கள் வழக்கம்போல் இருங்கள்," என்றது அது, பாடப்புத்தகத் தமிழில்.

வழக்கம்போல் இருப்பதற்குத்தான் இரண்டு மாதமாகப் பணம் கட்டிப் பயிற்சி எடுத்திருந்தார்கள். ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொண்டார்கள். அப்பா காபி போட்டார். ஆதிரை சோபாவில் உட்கார்ந்து அலைகளைப் பற்றி அம்மாவுக்கு விளக்கினாள். அம்மாவும் பெரிய ஆர்வத்தோடு தலையாட்டினாள்.

சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் மாடியில் தடதடவென்று சத்தம் கேட்டது. செழியன் கதவைத் தட்டினான். நிறுத்தினான். மறுபடி தட்டினான்.

"மாடியில ரிப்பேர் வேலை நடக்குதுங்க," என்றாள் ஆதிரை. மூச்சை நாலு எண்ணி இழுத்து நாலு எண்ணி விட்டாள், மையத்தில் சொல்லிக்கொடுத்தபடி. பிறகு சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, விட்ட இடத்திலிருந்து அலைகளைத் தொடர்ந்தாள். இல்லநோக்கி அதைப் பற்றி எதுவும் விசாரிக்கவில்லை.

அது வாசலைத் தாண்டியதும் அம்மா சாவியோடு மாடிக்கு ஓடினாள். ஆதிரை தோழிகளைக் கூப்பிட்டு எல்லாம் நன்றாக நடந்ததென்று சொல்லிக்கொண்டிருந்தாள். செழியன் இறங்கி வந்து அவள் பக்கத்தில் நின்றான். கோபம் இல்லை. கோபப்பட அவனுக்குத் தெரியாது.

"வந்தவங்க போயிட்டாங்களா ஆதி? நான் பாக்கவே இல்லையே," என்றான்.

"இன்னொரு நாள் வருவாங்க. போ," என்று சொல்லிவிட்டு அவள் பேச்சைத் தொடர்ந்தாள்.

அந்த வருடம் ஒரு புது விதி வந்திருந்தது. எண்ணைச் சொன்னால் மட்டும் போதாது, அதற்கான காரணத்தையும் வீட்டிலேயே வைத்து உரக்கப் படிக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. அதனால் முடிவு சொல்லும் நாள் கல்யாண வீடு மாதிரி ஆனது. பெரியப்பா குடும்பம், நவீன் குடும்பம், மூன்றாம் மாடிக்காரர்கள் என்று கூடம் நிறைந்திருந்தது. லட்டு தயார். மறைக்க ஒன்றுமில்லாததால் செழியனும் உட்கார்ந்திருந்தான். நோக்கியைக் கண்டதும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டான். அவன் விடும்வரை அது உருளாமல் நின்றது.

"விண்ணப்பதாரர் ஆதிரை. வேர்ப்பிடி எண் இரண்டு," என்றது நோக்கி.

"ரெண்டா? நூத்துக்கு ரெண்டா?" என்றார் பெரியப்பா. அப்பாவின் முகம் செத்துப்போயிற்று.

"இம்மாவட்டத்திலேயே மிகக் குறைந்த எண் இது. ஆகவே முதல் இடம் இவருக்கே."

கூட்டத்துக்குப் புரியவில்லை. நோக்கி பொறுமையாகப் படித்தது.

"வீட்டு நினைவால் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்புகிறவர்களால் ஒன்றியத்துக்குப் பெரும் இழப்பு. எனவே எளிதில் வேரோடு பிடுங்கி வேறிடத்தில் நடக்கூடியவர்களையே தேடுகிறோம்; வேர்ப்பிடி குறையக் குறைய நல்லது. காரணங்கள் பின்வருமாறு. இவ்வீட்டில் வசிப்போர் நால்வர். எங்களுக்குக் காட்டப்பட்டவர் மூவர். விண்ணப்பதாரரின் அண்ணன் மாடி அறையில் பூட்டப்பட்டிருந்தார். அவர் கதவைத் தட்டியபோது தாயாரின் நாடித்துடிப்பு இருமடங்கானது. தந்தையார் காபியைச் சிந்தினார். விண்ணப்பதாரரிடம் எந்த மாற்றமும் இல்லை. குரலை மட்டும் உயர்த்தினார். நெருங்கிய உறவை விலக்கி வைத்துவிட்டு இயல்பாக இருக்கும் இத்திறன் மிக அரிது. வாழ்த்துகள்."

பெரியம்மா வாயில் போட்ட லட்டை மெல்லாமல் வைத்திருந்தாள். அது பயிற்சி, சொல்லிக்கொடுத்த மூச்சு, நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று கத்த வேண்டும்போல் இருந்தது ஆதிரைக்கு. ஆனால் மோட்டார் அறை யோசனையை எந்த மையமும் சொல்லித் தரவில்லையே. பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

"ஏற்கிறீர்களா? ஒரு நிமிடத்துக்குள் கூறவும்."

வேண்டாம் என்று சொன்னால் மானத்தில் கொஞ்சமாவது மிஞ்சும். ஆனால் கடல் போய்விடும். இன்னொரு முறை கிடையாது. அப்பா தரையைப் பார்த்தார். அம்மா முந்தானையால் வாயை மூடியிருந்தாள். ஆதிரை யாரையும் பார்க்காமல், "ஏற்கிறேன்," என்றாள்.

செழியன்தான் முதலில் கைதட்டினான். அதைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள்.

அவமானம் நமக்குத்தான்; ஊருக்கு அது தகவல். மறுநாளே கோயம்புத்தூர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பயிற்சி மையங்கள் பாசத்தை எடுத்துவிட்டு, கண் கலங்காமல் இருக்கும் பாடத்தைச் சேர்த்தன. எண் குறையட்டும் என்று நல்லாயிருந்த தகப்பனாரைச் சிலர் பொள்ளாச்சிக்கு மூட்டை கட்டி அனுப்பினார்கள். பீளமேட்டில் ஒரு குடும்பம் நாயைப் பூட்டிவைத்துவிட்டு, எண் குறையவே இல்லை என்று வழக்குப் போடப் போனது. ஆதிரை வெளியே தலைகாட்டவில்லை. யாராவது பாராட்டிவிடுவார்களோ என்று பயம்.

ஒரு மாலை நவீன் மைசூர்பாகுப் பெட்டியோடு வந்தார். அவர் மகன் விகாஸும் அதே ஒன்றியத்துக்கு எழுதியிருந்தான்.

"ஏனுங்க கோகுல், ஒரு ஒத்தாசை பண்ணோணும். அடுத்த வாரம் விகாஸைப் பாக்க வர்றாங்க. எங்க வீட்ல ஒளிச்சு வைக்க ஆளே இல்லீங்க. நானு, அவ, பையன், அவ்வளவுதான். செழியனைக் கொஞ்ச நாள் முன்னாடியே அனுப்பிவிட்டீங்கன்னா விகாஸோட நல்லாப் பழகிக்குவான். அன்னிக்குக் காலைல நாங்க உள்ர வெச்சுப் பூட்டிக்கறோம்."

அப்பாவுக்கு முகம் கறுத்தது.

ஆதிரை எழுந்துவிட்டாள். "மாமா, அவன் எங்க அண்ணன்!"

"தெரியுமே கண்ணு. அதனாலதானே கேக்கறேன். உன்ர எண்ணு அவனாலதானே அவ்வளவு எறங்குச்சு?"

அவர் குரலில் குத்தல் துளியும் இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அனுப்ப மாட்டோம் என்று சொல்ல வேண்டும். சொன்னால், ஏன் என்று அவர் கேட்பார். அந்த ஏனுக்குப் பதில் சொல்கிற யோக்கியதை அந்த வீட்டில் மூன்று பேருக்கும் இல்லை. அப்பா ஆதிரையைப் பார்த்தார். ஆதிரை அம்மாவைப் பார்த்தாள்.

செழியன் உள்ளறையிலிருந்து வெளியே வந்தான். பெயர் அடிபட்டதைக் கேட்டிருக்கிறான். யாரும் அவனை இதுவரை தங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை.

"நானா மாமா? உங்க வீட்டுக்கா?"

"ஆமா சாமி. வர்றியா?"

செழியன் அவரை நெருங்கி வந்து நின்றான். பிறகு மெதுவாக, ரகசியம் கேட்பதுபோல் கேட்டான்.

"பூட்டுற ரூம்ல ஃபேன் இருக்குமா மாமா?"

அம்மா விருட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள். மோட்டார் அறையில் ஃபேன் கிடையாது. அவனைப் பூட்டிய அன்றைக்கு மே மாத வெயில், மேலே தகரக் கூரை. இத்தனை நாளில் அது ஒருமுறைகூட ஆதிரையின் புத்திக்கு எட்டவில்லை.

"ஏசியே இருக்குது சாமி," என்றார் நவீன்.

செழியன் முகமெல்லாம் சிரிப்பாக அவள் பக்கம் திரும்பினான்.

"ஆதி, நான் போகட்டுமா?"

வடகடலுக்குப் போகிற இத்தனை ஏற்பாட்டில் அவள் அவனிடம் 'போகட்டுமா' என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவள் சொல்லட்டும் என்று அவன் காத்துக்கொண்டு நின்றான்.