தலை தட்டும் வாசல்

"அய்யோ... அம்மா...!"

திண்டுக்கல் பேகம்பூரில் அந்தச் சந்து முழுக்கக் கேட்டிருக்க வேண்டிய அலறல். ஆனால் கேட்க ஆள் இல்லை!

வெள்ளிக்கிழமை. பகல் பன்னிரண்டே கால். 1961, மே மாத வெயில். ஆண்கள் ஜும்மா தொழுகைக்குப் பள்ளிவாசல் போய்விட்டார்கள். பெண்கள் அடுப்படியில் இருந்தார்கள்.

பதறாதீர்கள். யாரும் சாகவில்லை.

அதாவது... இன்றைக்குச் சாகவில்லை!

அலறியவர் வீட்டுக்காரர். பெயர் கண்ணுசாமி என்று சொல்லியிருந்தார். விற்கப்போகும் வீட்டைக் காட்டப் பூட்டைத் திறந்தார்... காலை உள்ளே வைத்தார்... வாசல் நிலையின் மேல்கட்டையில் 'ணங்'கென்று நெற்றியை இடித்துக்கொண்டார்.

"பார்த்து வாங்க பாய்... முப்பது வருசம் நான் குடியிருந்த வீடு... வாசல் தாழ்வு..." நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

சனாவுல்லா குனிந்து நுழைந்தான். அவன் மனைவி தாஹிரா குனியவே இல்லை. வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்தியிருந்த அந்தக் குள்ளப் பெண் நிமிர்ந்தபடியே உள்ளே போனாள்.

"நமக்குன்னே கட்டின மாதிரி இருக்கு மச்சான்!"

"ஒனக்குன்னே கட்டின மாதிரின்னு சொல்லு. நான் தெனமும் மண்டையில தைலம் தேய்க்கணும்."

இருவரும் சிரித்தார்கள். பாவம், சிரித்து நாளாகிவிட்டது அவர்களுக்கு.

சனாவுல்லா பதினெட்டு வருஷமாகத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்ப்பவன். ஆட்டுத் தோலும் சுண்ணாம்பும் ஊறிப்போன உடம்பு. எத்தனை முறை குளித்தாலும் வாடை போகாது. ஆறு வருஷத்தில் நாலு வாடகை வீடு... நாலிலும் மூக்கைப் பிடித்துக்கொண்டு விரட்டினார்கள். இப்போது இருக்கும் ஐந்தாவது வீட்டையும் திங்கட்கிழமைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சொந்த வீடு என்றால் எவனும் விரட்ட முடியாதே! அந்த ஒரே ஆசையில் தாஹிரா வளையலை விற்று, முன்பணத்தை இடுப்பில் முடிந்துகொண்டு வந்திருந்தாள்.

"வெலை எம்புட்டுன்னு சொன்னீங்க?"

"ஆயிரத்து முந்நூறும்மா."

அந்தத் தெருவில் மாட்டுக் கொட்டகை கூட அந்த விலைக்குக் கிடைக்காது!

தாஹிரா கணவனின் முழங்கையைக் கிள்ளினாள்.

"மச்சான்... இம்புட்டு மலிவா ஏன் குடுக்குறாரு?"

"நல்ல மனுசன். ஷாப் வாசலுக்கே வந்து, தோல் ஷாப் ஆளுக்குத்தான் வீட்டைக் குடுப்பேன்னு சொன்னாரு."

"அதான் ஏன்?"

"அடியே... வீட்டைக் குடுக்குறேங்கிறவரை ஏன்னு கேக்குறவ நீ ஒருத்திதான்!"

"ஜும்மா நேரமாப் பார்த்து வரச் சொன்னது?"

"அவரு சாயங்கால பஸ்ஸுல நத்தம் போகணுமாம். செத்த நேரம் சும்மா பாரு."

சனாவுல்லா ஆசையோடு பார்த்தான். தாஹிரா சந்தேகத்தோடு பார்த்தாள். ஒரே வீடுதான்... இருவர் கண்ணுக்கும் வேறு வேறாகத் தெரிந்தது.

"அய்யா, மழைக்கு எங்க ஒழுகும்?"

"சொட்டு ஒழுகாதும்மா."

சுவரில் மூன்று இடத்தில் காவி நிறத்தில் தண்ணீர் வழிந்த கறை.

"கெணத்துத் தண்ணி?"

"கல்கண்டு!"

தாஹிரா ஒரு வாளி இறைத்து, ஒரு வாய் குடித்து, அப்படியே துப்பினாள்.

"கரையான்?"

"பேச்சுக்கே எடமில்ல."

அவள் விரலால் கதவுச் சட்டத்தைத் தட்டினாள். பொலபொலவென்று மண் கொட்டியது.

"மூணும் பொய் மச்சான்!"

"வீடு விக்கிறவன் பொய் சொல்லாம இருப்பானா? நாமளும் தோல் ஷாப்னு சொல்லாமத்தானே அஞ்சு வீட்டுக்கும் குடிபோனோம்!"

 அவளிடம் இன்னொரு கேள்வி இருந்தது.

"ஆளில்லாத வீட்டுல எதுக்கு இம்புட்டு சாம்பிராணி போட்டிருக்காக?"

"சாம்பிராணியா? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்? மூக்கு செத்து பத்து வருசமாச்சே!"

கேலியாகத்தான் சொன்னாள். சொல்லி முடித்ததும் வாடை வரும் பக்கம் திரும்பினாள்.

பின்னால் ஓர் அறை. பூட்டு தொங்கியது.

"அது சாமான் அறைம்மா. பாக்க ஒண்ணுமில்ல."

"பாக்காம எப்படிய்யா வாங்குறது?"

வீட்டுக்காரர் தயங்கினார்... சாவியைத் தேடினார்... மூன்று சாவி போட்டுப் பார்த்து நாலாவதில் திறந்தார். உள்ளே நுழைந்தார்.

'ணங்...!'

"ஆ...!"

இந்த முறை தாஹிரா சிரிக்கவில்லை.

வீடு முழுக்கப் பழைய சுண்ணாம்புத் தரை. இந்த அறையில் மட்டும் புது சிமெண்டு! சனாவுல்லாவின் வெறுங்காலில் ஈரம் பிசுபிசுத்தது. மே மாதத்தில் ஈரமா? குனிந்து பார்த்தான். தரையின் நடுவே வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் வழித்தான். தொழில் பழக்கம்... நாக்கில் வைத்துவிட்டான்.

"பழைய வீடு பாய்... உப்புப் பூக்கத்தான் செய்யும்," என்றார் வீட்டுக்காரர் அவசரமாக.

"ஆமாமா... பூக்கத்தான் செய்யும்."

சனாவுல்லாவின் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. மனைவியைக் கிணற்றடிக்கு இழுத்துப் போனான்.

"தாஹிரா... பழைய செவத்துல பூக்குற உப்பு நாக்குல கசக்கும். இது கசக்கல. கல்லுப்பு! தோலு அழுகாம இருக்க நாங்க போடுறமே, அதே உப்பு. மூட்டைக்கணக்குல உள்ள கெடந்தாத்தான் இப்படிப் பொங்கி மேல வரும்."

"எது அழுகாம இருக்க?"

அவன் திரும்பி அந்தப் பின்னறையைப் பார்த்தான்.

"மச்சான், நான் சொல்றேன் கேளுங்க. வெறும் பொய் சொன்னா வீட்டுக்காரன்னு விட்டுரலாம். ரெண்டு வாசல்லயும் முட்டிக்கிறானே! முப்பது வருசம் குடியிருந்தவனுக்கு எங்க குனியணும்னு தெரியாதா?"

"அப்ப... இவன்...?"

"கண்ணுசாமி இல்ல! நெசக் கண்ணுசாமி அந்தத் தரைக்குக் கீழ கெடக்காரு. வாடை தெரியாத ஆளா வேணும்னுதான் ஒங்க ஷாப்புக்கு வந்திருக்கான்!"

சனாவுல்லாவுக்குக் குமட்டியது. நாக்கில் வைத்தது ஞாபகம் வந்துவிட்டது!

அந்த நேரத்தில் பள்ளிவாசலிலிருந்து தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஒலித்தது.

"நீங்க தொழுகைன்னு சொல்லிட்டு ஓடுங்க. ஆளைக் கூட்டியாங்க. நான் இங்கன இருக்கேன்."

"பைத்தியமா ஒனக்கு? ஒன்னயத் தனியா விட்டுட்டா?"

"ரெண்டு பேரும் போனா ஓடிருவான். பணம் என் இடுப்புல இருக்கு. அதை விட்டுட்டு அவன் நகர மாட்டான்."

"ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன செய்வேன் தாஹிரா...?"

"ஆகாது. ஓடுங்க!"

பயந்துதான் போனான். ஆனாலும் வீட்டுக்காரனிடம் குரல் நடுங்காமல் சொன்னான்.

"ஜும்மாவை விட்டா பாவம்ங்க. தொழுதுட்டு வந்து எழுதிக்கிருவோம். பணம் அவகிட்டதான் இருக்கு."

வீட்டுக்காரனின் பார்வை தாஹிராவின் இடுப்புக்குப் போய்த் திரும்பியது.

"போயிட்டு வாங்க பாய்... தாராளமா!"

சனாவுல்லா தெருவில் இறங்கினான். கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது!

"எதுக்கய்யா கதவைச் சாத்துறீங்க?"

"வெயில் அடிக்குதும்மா."

தாஹிரா மெல்ல அடுப்படிக்குள் போனாள். அதன் வாசலும் அதே தாழ்வு. உள்ளே நின்று திரும்பிப் பார்த்தாள். அவன் கூடத்தின் நடுவில் நின்றான்.

"பணத்தை இப்பவே குடுத்தா என்ன?"

"அவுக வந்துரட்டும்."

"என்னய நம்பலையா?"

"ஒங்க பேரு என்னன்னு சொன்னீங்க?"

"பொன்..."

நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"கண்ணுசாமி!"

காலம் கடந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்தது. மூலையில் சாத்தியிருந்த கடப்பாரையைக் கையில் எடுத்தான்.

"சும்மா வீட்டைப் பாத்துட்டுப் போயிருக்கலாம்ல...? அம்புட்டுக் கேள்வி எதுக்கு?"

"யா அல்லா...!"

தாஹிரா பின்னால் நகர்ந்தாள். இரண்டே அடி. முதுகில் சுவர் இடித்தது. அதற்கு மேல் போக இடமில்லை.

அவன் கடப்பாரையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தான்... முழு வேகத்தில்... அவளை மட்டுமே பார்த்தபடி...

'ணங்ங்ங்...!!!'

மூன்றாவது முறை!

கடப்பாரை ஒரு பக்கம் போனது. ஆள் உப்பு மூட்டை மாதிரி மல்லாக்க விழுந்தான். அசையவில்லை.

தாஹிரா அவனைத் தாண்டிக் குதித்து ஓடித் தாழ்ப்பாளை நீக்கினாள். வாசலில் சனாவுல்லா... அவன் பின்னால் ஏட்டு சடையாண்டி... அவருக்குப் பின்னால் தொப்பியோடு இருபது முப்பது பேர்!

வெள்ளிக்கிழமை பந்தோபஸ்துக்காகப் பள்ளிவாசல் முக்கில் நின்ற ஏட்டைத்தான் கையோடு இழுத்து வந்திருந்தான். மனைவியைக் கண்டதும் ஊர் பார்க்கிறது என்றும் பாராமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டான்.

ஏட்டு கீழே கிடந்தவனைப் பார்த்தார். நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம்.

"யாரும்மா இவனை அடிச்சது?"

"யாரும் அடிக்கல. வீடு அடிச்சது!"

தரையை உடைத்தார்கள். கல்லுப்பு... கல்லுப்பு... அதற்கும் கீழே நிஜமான கண்ணுசாமி. தனி ஆள். நாலரை அடி மனிதர். தன் உயரத்துக்கு நிலை வைத்துத் தானே கட்டிக்கொண்ட வீடு அது. செம்பட்டியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று அக்கம்பக்கம் நினைத்துக்கொண்டிருந்தது. அப்படிச் சொல்லி வைத்தவன் இந்தப் பொன்னுத்துரை! அவர் பெட்டியிலிருந்த வீட்டுப் பத்திரத்துக்கு ஆசைப்பட்டு, வெளித் திண்ணைக்கு வாடகைக்கு வந்த பதினைந்தாம் நாளே கதையை முடித்துவிட்டான்.

ஊரே உள்ளே எட்டிப் பார்த்தது. சனாவுல்லா மட்டும் கிணற்றடியில் வாயைக் கொப்புளித்துக்கொண்டிருந்தான். நாற்பதாவது தடவையாக!

ஒரு மாதம் கழித்து...

தோல் ஷாப் கொட்டகையில் தட்டிமறைப்புக்குள் குடியிருந்தார்கள் இருவரும். வீடு கொடுக்க ஆள் இல்லை. அங்கே தேடி வந்தாள் ஒரு குள்ளமான அம்மாள். ஒச்சம்மாள்... செம்பட்டித் தங்கை!

"எங்கண்ணன் அநாதையா மண்ணுக்குள்ள கெடந்திருப்பாரு. ஒன்னாலதான் தாயி எடுத்து எரிச்சோம்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த வீட்டை நீங்களே எடுத்துக்கங்க. கொலை நடந்த வீடுன்னு ஒரு பய எட்டிப் பாக்க மாட்டேங்கிறான்."

"வேணாம்...! வேணவே வேணாம்!" சனாவுல்லா துள்ளி எழுந்தான். "நான் அந்த உப்பை..."

"செத்த சும்மா இருங்க மச்சான்." தாஹிரா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஒச்சம்மாள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "ஏங்க்கா... கொலை நடந்த வீட்டுக்கு ஆயிரத்து முந்நூறு கேட்டா நாயமா? கெணறும் உப்பு, கரையான் வேற. எழுநூறு!"

"அடிப்பாவி! அன்னைக்கு என்னய அந்த வீட்டை வாங்கவே விடலையே நீ?" என்று அலறினான் சனாவுல்லா.

"அன்னைக்கு அது அவன் வீடு இல்ல மச்சான். இன்னைக்கு இவுக வீடு. எவனும் வாடைன்னு நம்மளை அங்கிருந்து வெரட்ட முடியாது... பக்கத்துலயே வர மாட்டான்!"

ஒச்சம்மாளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

"எழுநூறே குடு தாயி. ஆனா அந்த வாசலை மட்டும் ஒசத்திக் கட்டிரு. ஒம் மாப்பிள்ளை தலை தாங்காது."

"வாசலை மாத்துறதா? திண்டுக்கல்லு பூட்டு திருடனை வெளியில நிறுத்துறதோட சரி. இது படுக்கவே வச்சிருச்சே!"

"அப்ப தம்பியோட தலை?"

தாஹிரா கணவனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

"வீட்டுக்குள்ள குனிஞ்சு வர்றதெல்லாம் அவுகளுக்கு நிக்காஹ் ஆன நாள்ல இருந்தே பழக்கம்க்கா!"