உள்ளே வியர்த்த கண்ணாடி

மைனா கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்தாள். மூட்டம் போகவில்லை. எக்கி நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தித் தேய்த்தாள். அப்போதும் போகவில்லை. கைக்குட்டைதான் ஈரமானது.

"என்னடி இது? துடைக்கத் துடைக்க அப்படியே இருக்கு!" என்று கண்ணாடியிடமே கேட்டாள்.

காலை மணி ஆறு. கடற்கரைச் சாலையில் நகராட்சியின் அறிவிப்புப் பலகைக்கு முன்னால் அவள் நின்றிருந்தாள். பலகை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். உண்மையில் அது இரண்டு கால்களில் நிற்கும் ஒரு பெரிய மரப்பெட்டி. முன்பக்கம் கண்ணாடிக் கதவு, அதில் ஒரு பூட்டு. எந்தத் தெருவில் இன்று தண்ணீர் வராது, எந்தச் சாலையைத் தோண்டப் போகிறார்கள், படகுத்துறையின் எந்த வாசல் திறந்திருக்கும் என்று ஊருக்குத் தெரிய வேண்டிய எல்லாம் அந்தப் பெட்டிக்குள் ஒட்டப்பட்டிருக்கும்.

இன்று எதுவும் தெரியவில்லை. கண்ணாடி முழுக்க வெள்ளையாக ஒரு மூட்டம். அதற்குப் பின்னால் தாள்கள் பேய் மாதிரி மங்கலாகத் தெரிந்தன.

"தெரியுதா மைனா?" என்று கேட்டபடி மீன்கூடை அக்கா வந்து நின்றார். தினமும் இந்த வழியாகத்தான் அவர் துறைக்குப் போவார்.

"இல்லக்கா."

"நேத்து பெரிய வாசலை மூடிட்டாங்களாம். பலகையில போட்டிருந்ததாம். எனக்கு எங்க தெரியுது? கூடையோட ஊரையே சுத்தி வந்தேன். கழுத்து உள்ள போயிடுச்சு."

மைனா நிமிர்ந்து பார்த்தாள். "கழுத்து இருக்கேக்கா!"

"இது பாதிதான். மீதி உள்ள போயிடுச்சு." அக்கா சிரிக்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

மைனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால், அந்தப் பெட்டிக்குள் தாள்களை ஒட்டுவது அவளுடைய அம்மாவின் வேலை.

மைனா என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. ஓயாமல் பேசுவதால் வந்த பெயர். அது ஒட்டிக்கொண்டு ரொம்ப நாளாகிவிட்டது.

அன்று சாயங்காலம் பள்ளி விட்டதும் அவள் பலகைக்கு ஓடினாள். அம்மா மாவுப் பசை காய்ச்சிய சட்டியோடு நின்றிருந்தார். ஒவ்வொரு தாளின் பின்னாலும் பசையை ஓரம் விடாமல் பூசி, மடிப்பு விழாமல் நீவி ஒட்டினார். அலுவலகத்திலிருந்து மறுநாள் அறிவிப்புகள் சாயங்காலம்தான் வரும். அம்மா உடனே ஒட்டிப் பூட்டிவிடுவார்.

அப்போது நகராட்சி மேலாளர் வந்தார். கையில் மூன்று கடிதங்கள்.

"இது மூணாவது புகார்ம்மா. காலையில வந்து பார்த்தா ஒண்ணுமே தெரியலையாம்."

"மூட்டம் சார். கண்ணாடி மூடிக்குது."

"எங்கம்மா மூட்டம்? தினமும் ஒன்பது மணிக்கு இந்த வழியாத்தான் வரேன். கண்ணாடி பளிச்சுன்னு இருக்கு!"

"ஒன்பதுக்கு வெயில் வந்துடும் சார். அதுக்குள்ள தானா போயிடும்."

"நான் வர்றப்போ மட்டும் போயிடுது. நல்ல மூட்டம்!" மேலாளர் பெருமூச்சு விட்டார். "நீங்க காலையில லேட்டா வந்து ஒட்டுறீங்கன்னு நாலு பேர் சொல்றாங்க. நான் நம்பலை. ஆனா அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள இன்னொரு புகார் வந்தா, பலகையை வேற ஆளுக்குக் கொடுத்துட்டு உங்களை நீரேற்று நிலையத்துக்கு மாத்துறதைத் தவிர எனக்கு வேற வழியில்லை."

அவர் போன பிறகும் அம்மா சட்டியில் கரண்டியை வைத்துக் கிண்டிக்கொண்டே இருந்தார். கிண்டுவதற்கு அதில் பசையே இல்லை.

நீரேற்று நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. இரண்டு பஸ் மாற வேண்டும். மைனா எழுந்திருப்பதற்கு முன்பே அம்மா போக வேண்டியிருக்கும். திரும்பி வரும்போது மைனா சாப்பிட்டு முடித்திருப்பாள்.

"காலையில வந்து துடைச்சா என்னம்மா?"

"துடைச்சுப் பார்த்துட்டேனே! திறந்து, உள்பக்கம் துடைச்சு, பூட்டிட்டுப் போறேன். கால் மணி நேரத்துல திரும்ப மூடிக்குது. ஆபீஸ் கடிதங்களை வீடு வீடா கொடுக்குற காலை வேலையை விட்டுட்டு அங்கேயே நிக்க முடியுமா?"

"திறந்தே வெச்சுட்டா?"

"கதவு படார் படார்னு அடிச்சு கண்ணாடி உடையும். அதுக்கும் புகார் வரும்." அம்மா பெட்டியின் ஓரத்தைத் தடவினார். "எல்லாம் இந்தக் கடல் ஈரம். போன மாசம் மழை உள்ள வந்து எழுத்தெல்லாம் கரைஞ்சுதே, அன்னைக்கே கதவைச் சுத்தி ரப்பர் பட்டை ஒட்டினேன். விரிசல்ல மெழுகை உருக்கி ஊத்தினேன். அப்படியும் எந்த வழியாவோ ஈரம் உள்ள போகுது. சனிக்கிழமை இன்னும் கொஞ்சம் மெழுகு ஊத்தணும்."

மைனாவுக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. மூட்டம் கண்ணாடியின் உள்பக்கம் இருக்கிறது. அதனால்தான் வெளியே எவ்வளவு துடைத்தாலும் போகவில்லை. எறும்புகூட நுழையாத பெட்டிக்குள் கடல் எப்படி நுழைந்தது?

மறுநாளிலிருந்து தினமும் ஆறு மணிக்கு அவள் பலகைக்குப் போனாள். பார்த்ததைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினாள்.

வெள்ளி: ஐந்து அறிவிப்பு. முக்கால் கண்ணாடி மூட்டம்.

சனி: ஏழு அறிவிப்பு. முழுக் கண்ணாடி. சொட்டு வடிகிறது.

ஞாயிறு: இரண்டே அறிவிப்பு. பாதிக் கண்ணாடி.

ஞாயிற்றுக்கிழமை இரவெல்லாம் கடலிலிருந்து ஈரக்காற்று வீசியது. கொடியில் போட்ட துணி காயவே இல்லை. 'நாளைக்குத்தான் மூட்டம் மோசமா இருக்கும்' என்று நினைத்தபடி மைனா திங்கட்கிழமை காலையில் போனாள்.

கண்ணாடி தெளிவாக இருந்தது!

மீன்கூடை அக்கா ஏற்கெனவே வந்து படித்துக்கொண்டிருந்தார். "அடடா, எழுத்தெல்லாம் முத்து முத்தா தெரியுது. என்ன, எல்லாம் சனிக்கிழமை ஒட்டினது."

"ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் லீவுக்கா. அம்மா வந்து பெட்டியைத் திறந்து துடைச்சதோட சரி, புதுசா எதுவும் ஒட்டலை."

சொல்லிக்கொண்டே வந்த மைனா சட்டென்று நிறுத்தினாள். அவள் பேச்சைப் பாதியில் நிறுத்துவது அபூர்வம்.

"என்னாச்சு? தொண்டையில ஈ போயிடுச்சா?"

"இல்லக்கா. அம்மா ஒட்டாத அன்னைக்கு மூட்டம் இல்ல!"

கடல்தான் காரணம் என்றால் இன்றைக்குத்தான் மூட்டம் அதிகமாக இருக்க வேண்டும். ஆனால் இல்லை. நிறையத் தாள் ஒட்டினால் நிறைய மூட்டம், கொஞ்சம் ஒட்டினால் கொஞ்சம், ஒட்டாவிட்டால் இல்லை. அப்படியென்றால் ஈரம் வெளியிலிருந்து வரவில்லை. அம்மாவின் பசைச் சட்டியிலிருந்து வருகிறது. அது வெளியே போக மெழுகு விடுவதில்லை.

இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? 'நீங்க ஊத்தின மெழுகும் நீங்க பூசின பசையும்தான் காரணம்' என்றா? விரிசல் விரிசலாகத் தேடித் தேடி அடைத்தவர் ஆயிற்றே!

மைனா அன்று சாயங்காலம் மூன்று கண்ணாடிச் சீசாக்களைக் கழுவிக் காயவைத்தாள். முதல் சீசாவில் காய்ந்த தாளைப் போட்டு மூடினாள். இரண்டாவதில் பசை பூசிய தாளை உள்ளே ஒட்டி, அதையும் இறுக்கி மூடினாள். மூன்றாவதிலும் பசை பூசிய தாள்தான். ஆனால் அதற்கு மூடி போடாமல் வாயில் மெல்லிய துணியைக் கட்டினாள். மூன்றையும் ஜன்னலுக்கு வெளியே வரிசையாக வைத்தாள்.

படகு எஞ்சின் பழுதுபார்த்துவிட்டு எண்ணெய்க் கையோடு வந்த அப்பா எட்டிப் பார்த்தார். "மூணு பேருக்கும் போர்வை வேணுமா?"

"ஒருத்தருக்கு மட்டும் துணி போட்டாச்சுப்பா. தொடாதீங்க!"

செவ்வாய்க்கிழமை காலையில் அம்மாவை ஜன்னலுக்குக் கூட்டி வந்தாள். சீசாக்களின் வெளிப்பக்கத்தைத் துடைத்தாள். ஒன்றாவது தெளிவு. மூன்றாவதும் தெளிவு. இரண்டாவதில் மட்டும் வெள்ளை மூட்டம்.

"நம்ம பலகை மாதிரியே இருக்கே!" என்றார் அம்மா.

"எதுல என்ன இருக்குன்னு நீங்களே பாருங்கம்மா."

அம்மா இரண்டாவது சீசாவைத் திறந்தார். தாளைத் தொட்டார். பிசுபிசுவென்று பசை இன்னும் காயாமல் இருந்தது. துணி கட்டிய சீசாவில் தாள் காய்ந்து மொரமொரப்பாக இருந்தது. அம்மா மூடியையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ... நான்தானா?"

"நீங்க மழையை உள்ள விடலைம்மா. அது சரிதான். உள்ள இருக்கிற தண்ணி வெளிய போக வழி இல்ல. அவ்வளவுதான்."

"ஒரு மாசமா ஊத்தின மெழுகு!" அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "மூட்டத்தை நானே பூட்டி வெச்சு, நானே திட்டு வாங்கியிருக்கேன்!"

பெட்டியில் துளை போட வேண்டும். ஆனால் அது நகராட்சிச் சொத்து. மேலாளர் அனுமதி இல்லாமல் ஆணிகூட அடிக்கக் கூடாது. அம்மாவும் மைனாவும் அலுவலகம் போனார்கள்.

"துளையா? பலகையிலயா?" என்றார் மேலாளர்.

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வந்து ஒரு தடவை பாருங்க சார்" என்றாள் மைனா.

"ஆறு மணின்னு ஒண்ணு காலையிலயும் வருதா?"

"தினமும் வருது சார். ஊர்ல பாதிப் பேர் அப்போதான் பலகையைப் பார்க்கிறாங்க."

புதன்கிழமை ஆறு மணிக்கு மேலாளர் வந்தே விட்டார். சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளி மாட்டியிருந்தார். பலகையைப் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். தன் கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். இன்னும் பலமாகத் துடைத்தார்.

"போகாது சார்" என்றார் அப்போதுதான் வந்த மீன்கூடை அக்கா. "நாங்க எல்லாரும் துடைச்சுப் பார்த்தாச்சு."

மேலாளர் அம்மாவின் பக்கம் திரும்பினார். "நீங்க சொன்னப்போ நான் வந்து பார்த்திருக்கணும்ம்மா. தப்பு என்மேலதான்." பிறகு மைனாவிடம், "சரி, இது எப்படி வருது? சொல்லு" என்றார்.

கேட்க வேண்டுமா? மைனா மூச்சு விடாமல் சொன்னாள். "பசை காயுதுன்னா அதுல இருக்கிற தண்ணி ஆவியாகிக் காத்துல கலக்குதுன்னு அர்த்தம் சார். பெட்டி இறுக்கமா இருக்கு. அதனால அந்த ஆவி உள்ளயே சுத்திக்கிட்டு இருக்கு. ராத்திரி கண்ணாடி ஜில்லுன்னு ஆயிடும். ஆவி அதுல பட்டதும் குட்டிக் குட்டித் துளியா ஒட்டிக்குது. வெயில் வந்து கண்ணாடி சூடானதும் துளி திரும்ப ஆவியாயிடுது. நீங்க ஒன்பது மணிக்கு வர்றப்போ கண்ணாடி தெளிவா இருக்கு. ஆனா தண்ணி எங்கயும் போகலை சார், உள்ளயேதான் இருக்கு!"

"துளை போட்டா மழை உள்ள வராதா?"

இதற்கு அம்மா பதில் சொன்னார். இரவெல்லாம் அதைத்தான் யோசித்திருந்தார். "துளையை வெளிப்பக்கம் கீழே சரியிற மாதிரி போடணும் சார். தண்ணி ஏறி வராது. பூச்சி வராம கம்பி வலை வெச்சுடலாம். பெட்டிக்குள்ளதான் காத்து வேகமா அடிக்காதே, பசையே வேண்டாம். குண்டூசி போதும்."

மேலாளர் தலையசைத்தார்.

அன்று சாயங்காலம் அப்பா துளைபோடும் இயந்திரத்தோடு வந்தார். அம்மா பென்சிலால் இடம் குறித்துக் கொடுத்தார். அடிப்பலகையில் மூன்று துளை. பக்கப் பலகைகளில், கூரைக்குக் கொஞ்சம் கீழே, பக்கத்துக்கு மூன்று. கீழே புதுக் காற்று நுழையும், ஈரக்காற்று மேலே வெளியேறும். மைனா வலைத்துண்டுகளை வெட்டினாள். பிறகு அம்மா ஆறு அறிவிப்புகளையும் குண்டூசியால் குத்தினார். கை பழக்கத்தில் பசைச் சட்டியைத் தேடியபோது மைனா அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை ஆறு மணி. பலகைக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். அம்மா கூட்டத்துக்குப் பின்னால், வயிற்றில் கை வைத்தபடி நின்றார். முன்னால் போய்ப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

மீன்கூடை அக்காவின் குரல் கணீரென்று கேட்டது. "இன்று பிற்பகல் அலை உயரும். படகுகள் மூன்று மணிக்குள் கரை திரும்பவும்." அவர் கடல் பக்கம் திரும்பிக் கத்தினார். "டேய், கேட்டுச்சா? மூணு மணி!"

படகுக்காரர்கள் கையை உயர்த்தினார்கள். அம்மா வயிற்றிலிருந்து கையை எடுத்தார்.

மேலாளர் அன்றும் வந்திருந்தார். பொத்தான்கள் சரியாக இருந்தன. "பலகை உங்ககிட்டயே இருக்கட்டும்ம்மா. ஊர்ல இன்னும் நாலு பலகை இருக்கு. எல்லாத்துலயும் ரப்பர் பட்டை ஒட்டச் சொல்லி நானே கடிதம் தயார் பண்ணி வெச்சிருந்தேன். நல்ல வேளை, அனுப்பலை. என்ன செய்யணும்னு எழுதிக் கொடுங்க, அதை அனுப்பிடறேன்."

அம்மா பேனாவை மைனாவிடம் நீட்டினார். மைனா கணக்கு நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து, திருப்பி வைத்து எழுதினாள்:

"பெட்டியின் அடியில் மூன்று துளை, மேலே இரண்டு பக்கமும் மூன்று மூன்று துளை போடவும். மேல் துளைகள் வெளிப்பக்கம் கீழே சரிந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் கம்பி வலை வைக்கவும். தாள்களைப் பசையால் ஒட்ட வேண்டாம், குண்டூசியால் குத்தவும். காலை ஆறு மணிக்குக் கண்ணாடி தெளிவாக இருக்கும்."