தீப்பெட்டியில் வந்த சாட்சி

தையல் கடையில் ஐந்து பேர் இருந்தார்கள். கட்டிட உரிமையாளர் நாற்காலியில்; கை வீங்கிய தையல்காரர் மிஷினுக்குப் பின்னால்; மொட்டை மாடியில் தேனீ வளர்ப்பதால் தேனம்மா என்று பெயர் வாங்கிய பெண் வாசலோர ஸ்டூலில். அவள் துணைக்குக் கூட்டிவந்த பழைய கம்பவுண்டர் வெட்டுமேசையில் சாய்ந்திருந்தார். ஓரிடத்தில் நிலைகொள்ளாதவன் கம்பவுண்டரின் மச்சான் மட்டுமே.

ஒரு வாரம் மகள் வீட்டில் இருந்து திரும்பிய தையல்காரர், அன்று காலை ஷட்டரைத் தூக்கியதும் கையில் மூன்று இடத்தில் கொட்டு வாங்கினார். வந்தது ஒன்றே ஒன்று என்று சத்தியம் செய்தார். பிறகு ஜன்னலோரம் செத்துக் கிடந்த தேனீயைத் தீப்பெட்டியில் எடுத்து வைத்தார். தேனீப் பெட்டிகளை இன்றே இறக்க வேண்டும் என்றார் உரிமையாளர். இறக்கினால் தேனம்மாவின் பிழைப்புக்கு வேறு மாடி இல்லை.

“குற்றவாளி கையோட சிக்கிட்டான் அத்தான், கேஸ் முடிஞ்சுது,” என்றான் மச்சான்.

“இன்னும் விசாரணையே நடக்கலையேடா.”

கம்பவுண்டர் குண்டூசியால் தேனீயின் வாலை மெல்ல அழுத்தினார். பழுப்பு நிறக் கொடுக்கு ஒன்று எட்டிப் பார்த்தது.

“மாஸ்டர், தேனீக் கொடுக்குல தூண்டில் மாதிரி முள்ளு இருக்கும். கொட்டினா, விஷப்பையோட பிய்ஞ்சு நம்ம தோல்லயே தங்கிடும். இவ கொடுக்கு பத்திரமா இருக்கு. இவ உங்களைத் தொடவே இல்ல.”

“அப்ப என் வலி பொய்யா?”

“வலி நிஜம். குத்தினது துளியூண்டு, உள்ள போன விஷம்தான் சதையைக் கிளறி, நரம்பை நேரா உசுப்புது. தீ சுட்டுடுச்சுன்னு மூளை நம்பிடுது. ஆனா ஒண்ணே மூணு தடவை கொட்டணும்னா கொடுக்கு வழவழன்னு இருக்கணும். அது குளவி.”

ஒரு வாரம் அசையாமல் கிடந்தது எது என்று கேட்டார் கம்பவுண்டர். எல்லாருடைய கண்ணும் ஷட்டருக்குப் போனது. மச்சான் டார்ச்சுடன் ஏணியில் ஏறி, ஏறிய வேகத்திலேயே இறங்கினான். ஷட்டர் சுருளும் பெட்டிக்குள் கவிழ்த்த குடைபோல் காகித நிறக் கூடு தொங்கியது. பெட்டிக்கு மூடியில்லை. பழுது பார்த்தபோது கழற்றியதை மாட்ட மறந்தது தன் ஆள்தான் என்று உரிமையாளர் முனகினார்.

“தப்பா நினைச்சுக்காதம்மா,” என்றார் தையல்காரர்.

“கை வீக்கம் வடியட்டும்ண்ணே. அப்புறம் என் பிள்ளைக்கு ஒரு சட்டை தைச்சுக் குடுங்க, சரியாப் போயிடும்.”

தேனீப் பெட்டிகள் மாடியிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, குளவிக்கூட்டை அகற்ற ஆள் அனுப்பும்படி உரிமையாளர் தீயணைப்பு நிலையத்துக்குக் கடிதம் எழுதினார். தையல்காரர் வீங்காத கையால் உறையை ஒட்ட, மச்சான் ஷட்டருக்கு அடியில் குனிந்தபடி அதை எடுத்துக்கொண்டு ஓடினான்.