ஐந்தாவது கம்பி

கையை எடுத்த பிறகும் ஐந்தாவது கம்பி நடுங்கிக்கொண்டிருந்தது. ஆண்டோ உள்ளங்கையை வைத்து அமுக்கினான். அடங்கியது. கையை எடுத்தான். மறுபடியும் மெல்ல ஆரம்பித்தது.

புது கிட்டார், இன்னும் கைக்குப் பழகவில்லை என்று தன்னையே தேற்றிக்கொண்டான். போன வாரம் சென்னைக் கடையில் மூன்று உயர்ரக பேஸ் கிட்டார்களை மடியில் மாற்றி மாற்றி வைத்து, தடித்த கம்பியைத் தட்டிவிட்டு, தாடையை மரத்தின் மேல் அழுத்திக்கொண்டு, ஒலி எவ்வளவு நேரம் உள்ளே நிற்கிறது என்று எண்ணிப் பார்த்தான். முதல் இரண்டும் இருபதுக்குள் அடங்கிவிட்டன. மூன்றாவது, அறுபதைத் தாண்டியும் தாடை எலும்பில் துடித்துக்கொண்டே இருந்தது. அதைத்தான் வேண்டுமென்று கேட்டு வாங்கினான். திண்டிவனம் வரும் வரை அது உறைக்குள் அதிர்ந்துகொண்டே வந்தது. பஸ்ஸின் ஆட்டம் என்று நினைத்தான். மேல்மருவத்தூரில் என்ஜினை அணைத்துவிட்டு டிரைவர் டீ குடிக்க இறங்கியபோதும் அது நிற்கவில்லை.

பதினாறு வருடமாக நாலு கம்பியில் ஓடிய விரல்கள் அவனுடையவை. கட்டைவிரலை ஊன்றும் இடத்தில் இப்போது இன்னொரு கம்பி இருந்தது. கை எங்கே போனாலும் அதையே போய்த் தட்டியது. நாளை இரவு ஈஸ்டர் பூசையில் வாசித்தாக வேண்டும். ஆனால் இன்று இயேசு சிலுவையில் இறந்த பெரிய வெள்ளிக்கிழமை. நேற்று மாலை முதல் கோயிலில் எந்த வாத்தியமும் கிடையாது. மணிக்குப் பதிலாக மரக்கட்டைதான் தட்டுவார்கள்.

"மாப்ள, நாளைக்கு ஃபாதர் மந்திரிச்சப்புறம் அத்தத் தொடுங்க. இன்னிக்கு மணியே வாய் தொறக்காது," என்று மாமியார் பாக்கியமேரி கோயிலுக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போனாள்.

அவன் சிரித்துக்கொண்டான். பன்னிரண்டு மணிக்கே கரண்ட் போய்விட்டது. ஸ்பீக்கரில் இணைக்காத பேஸ் கிட்டார் பக்கத்தில் இருப்பவனுக்கே சரியாகக் கேட்காது. இது வாத்தியமா என்ன, வெறும் விரல் பயிற்சிதானே.

ஏப்ரல் வெயிலில் தகரக் கூரை முறுகும் சத்தம், நின்றுபோன ஃபேன், உள் அறையிலிருந்து வரும் தைல வாசனை. அங்கே அவன் மனைவி ஜெசி ஏழு மாத வயிற்றோடு படுத்திருந்தாள். இதற்கு முன்பு இரண்டு குழந்தைகள் இதே ஏழாம் மாதத்தில்தான் அசைவு நின்று, உயிரில்லாமல் பிறந்தன. விழுப்புரத்து டாக்டரம்மா இந்த முறை கட்டிலை விட்டு இறங்கவே கூடாதென்று சொல்லியிருந்தார். வீட்டில் யாரும் குழந்தைக்குப் பெயர்கூட யோசிக்கவில்லை. அவ்வளவு பயம்.

ஆண்டோ வாசித்தான். நிறுத்தினான்.

"என்னாங்க!" உள்ளேயிருந்து ஜெசி கத்தினாள். "நிறுத்தாதீங்க!"

ஓடினான். அவள் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"காலையிலேந்து அசையவே இல்லங்க. நீங்க பயப்படுவீங்கன்னு சொல்லல. இப்ப நீங்க வாசிச்சீங்களே, அப்ப அசஞ்சுது. நிறுத்தினதும் நின்னுபோச்சு."

அவன் வயிற்றில் கை வைத்தான். சூடாக இருந்தது. அசைவில்லை. கிட்டாரைக் கொண்டுவந்து கட்டிலோரம் உட்கார்ந்து ஐந்தாவது கம்பியைத் தட்டினான். வயிறு துள்ளியது. சந்தோஷத்தில் அவனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. தட்டினான். துள்ளியது. கையால் கம்பியை அடக்கினான். வயிறும் அடங்கியது.

சந்தோஷம் அங்கேயே செத்தது.

வலது கையால் தட்டிக்கொண்டே இடது கையால் ஆம்புலன்சுக்குப் போன் செய்தான். பிறகு மாமியாருக்கு, சுவிட்ச் ஆஃப். அக்கம்பக்கத்தில் எல்லாரும் கோயிலில். தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

தட்டினான். மேடையில் பேஸ் கிட்டார்காரனை யாரும் பார்ப்பதில்லை, அவன் நிறுத்தினால்தான் திரும்பிப் பார்ப்பார்கள் என்று ஆண்டோவே தன் பாட்டுக் குழுவில் கேலி பேசுவான். இப்போது நிறுத்த முடியாது. தாளம் தவறவும் முடியாது. ஒரு அடி பிசகினால் ஜெசி கண்ணைத் திறந்து அவனையே பார்த்தாள்.

"மாதாவே, தெரியாம தொட்டுட்டேன். நாளைக்கே இத்த உன் கோயில்ல வச்சிடறேன். கொழந்தைய மட்டும் விட்ரு."

போன் அடித்தது. "கூட்டேரிப்பட்டு தாண்டிட்டோம் சார். வந்துக்கினே இருக்கோம்."

"ஜல்தி வாங்கண்ணே! ஜல்தி!"

விரல் நுனியில் கொப்புளம். உடைந்தது. கம்பி ரத்தத்தில் வழுக்கியது. தைல வாசனைக்குள் இரும்பு வாசனை. ஆள்காட்டி விரல். நடு விரல். ஆள்காட்டி. நடு. தோள் மரத்துப்போனது. முழங்கை மரத்துப்போனது. மணி மூன்று. தூரத்தில், கோயிலில் மரக்கட்டை தட்டினார்கள்.

அவன் விரல்கள் நின்றுவிட்டன.

கம்பி நிற்கவில்லை.

"அப்படித்தான்," என்றாள் ஜெசி, கண்ணை மூடியபடி. "விடாதீங்க. நல்லா அசையுது."

ஆண்டோ இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியிருந்தான். மடியில் கம்பி அடித்தது. மறுபடி அடித்தது. அவன் வாசித்த தாளம் இல்லை. வேகம் கூடியது. உள்ளங்கையால் அமுக்கினான். கம்பி அவன் கையை உதறியது.

தெருமுனையில் ஆம்புலன்ஸ் சத்தம்.

"ஜெசி," என்றான்.

அவள் வயிற்றின் மேல் நைட்டி இழுபட்டு விறைத்திருந்தது. அதன் கீழே, உள்ளிருந்து, ஒரு விரல் மேலெழுந்து மடங்கியது. அடுத்த விரல். ஆள்காட்டி. நடு. ஆள்காட்டி. நடு. ஒவ்வொரு விரலும் மடங்கும்போது மடியில் கம்பி அடித்தது.

ஆண்டோ ரத்தம் வழியும் தன் கையை மெல்ல இறக்கி, அவள் வயிற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

அந்த விரல்கள் அவனுடையவற்றைவிட நீளமாக இருந்தன.