இரவல் வலி

வீட்டில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த மாரித்தாயின் வலது கால் பெருவிரலில் சூடான எண்ணெய் சொட்டியது. அவள் காலைக் குனிந்து பார்க்கவில்லை. கைபேசியை எடுத்தாள்.

"எண்ணெய் கால்ல விழுது, தள்ளி நில்லுங்க. மூணு மணியில இருந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க, குதிகால் கடுக்குது. உக்காருங்க."

"அஞ்சு நிமிஷம் மாரி. கல்லுல பரோட்டா கிடக்கு."

"உங்க அஞ்சு நிமிஷம் எனக்குல்ல தெரியும்!"

இரண்டு தெரு தள்ளி, விருதுநகர் ஓட்டல் ஒன்றில், அவள் கணவர், பரோட்டா மாஸ்டர் சங்கரபாண்டி, சலித்துக்கொண்டே ஸ்டூலை இழுத்தார். சர்க்கரை நோயில் அவருடைய பாதங்கள் மரத்துப்போய் ஒன்பது வருடம்.

அவர் அணிந்திருந்தது உணர்வுறை. காலுறை போல மெல்லியது. சூடு, அழுத்தம், குத்தல் எல்லாவற்றையும் அறிந்து வானலையில் அனுப்பும். மாரித்தாயின் முழங்காலுக்குக் கீழே கட்டிய வலிப்பட்டை அதை வாங்கி நரம்பில் செலுத்தும். அவர் பாதத்தில் நடப்பது தன் பாதத்தில் நடப்பதாக அவள் மூளை நம்பும்.

முதலில் வந்த பட்டைகளை நோயாளிகளே கட்டிக்கொண்டார்கள். அவற்றில் அணைப்பதற்கு ஒரு விசை இருந்தது. வேலை நேரத்தில் எல்லோரும் அதை அணைத்துவைத்தார்கள். புண்ணாகிக் கால்கள் போய்க்கொண்டே இருந்தன. அடுத்து வந்த பட்டையில் விசை கிடையாது. அதை வீட்டில் இன்னொருவருக்குக் கட்டினார்கள். மூன்றே வருடத்தில் கால் வெட்டும் அறுவை சிகிச்சைகள் பாதியாகக் குறைந்தன.

ஞாயிறு காலை, துவைக்கும் கல்லிலிருந்து சமையலறை வரை சிவப்பாகக் கால்தடங்கள்.

"ஐயோ! காலை நீட்டுங்க!" மாரித்தாய் அவரை நாற்காலியில் தள்ளினாள். உறைகளைக் கழற்றினாள். விரலிடுக்கு, குதிகால், உள்ளங்கால் எல்லாம் கழுவிப் பார்த்தாள். கண்ணாடியைக் கீழே பிடித்தும் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

"உனக்கு வலிச்சுதா?"

"இல்லையே."

"உனக்கு வலிக்கலைன்னா எனக்குக் காயம் இல்லைன்னுதான அர்த்தம்?"

"அப்ப இது யாரு ரத்தம்?"

அவள் கண்ணாடியை வைக்க நகர்ந்தாள். நின்ற இடத்தில் புதிதாக ஒரு சிவப்புத் தடம். சங்கரபாண்டி தரையில் உட்கார்ந்து அவள் காலைத் தூக்கினார். குதிகாலில் உடைந்த வளையல் துண்டு ஒன்று ஆழமாக ஏறியிருந்தது.

"எப்ப குத்துச்சு?"

அவளுக்குத் தெரியவில்லை.

டாக்டர் சபீனா நைலான் இழையால் அவள் பாதத்தைப் பத்து இடங்களில் தொட்டார். இரண்டு இடங்களில்தான் உணர்வு இருந்தது.

"உங்களுக்கும் சர்க்கரைம்மா. பல வருஷமா இருந்திருக்கும். மரத்துப்போறது விரல்ல ஆரம்பிக்கும். பட்டை அதுக்கு மேல, முட்டிக்கிட்ட செய்தி கொடுக்குது. அவர் கால் உங்களுக்குள்ள நடந்துக்கிட்டே இருந்ததால, உங்க கால் நின்னுபோனது தெரியல. இந்த மாசம் இப்படி வர்ற ஏழாவது ஜோடி நீங்க."

"என் காலு போயிருமா டாக்டர்?"

"காயம் ஆறிரும். ஆனா இனிமே உங்களுக்கும் உறை வேணும். யாருக்குப் பட்டை கட்டுறது?"

"எனக்குக் கட்டுங்க" என்றார் சங்கரபாண்டி. "முட்டிக்கிட்ட எனக்கு உணர்வு இருக்கு."

புண் ஆறியதும் அவளுக்கு உறை மாட்டி, அவருக்குப் பட்டை கட்டினார்கள். மறுநாள் மாலை அவர் கல்லில் முதல் பரோட்டாவைப் போட்டபோது, ஒன்பது வருடமாகச் செத்துக் கிடந்த பாதங்களில் வலி இருப்பது புத்தியில் உறைத்தது. குத்தலோ சூடோ இல்லை. விடாத கடுப்பு. மதியம் சாப்பிட உட்கார்ந்தபோதும் அது இருந்தது அவருக்கு நினைவு வந்தது. காலை ஐந்து மணிக்கு அவர் இன்னும் படுக்கையில் கிடந்தபோதே அது தொடங்கிவிட்டிருந்தது.

கைபேசியை எடுத்தார். "மாரி, உக்காரு."

"அடுப்புல குழம்பு கொதிக்குது. அஞ்சு நிமிஷம்."

வெகுநேரம் கழித்தும் கடுப்பு குறையவில்லை. சங்கரபாண்டி ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார். பிரயோசனமில்லை. கல்லில் பரோட்டா கருகிக்கொண்டிருக்க, குனிந்து பட்டையைச் சுற்றிச் சுற்றித் தடவி விசையைத் தேடினார்.