இரண்டாம் எண்ணில் இருப்பவன்

அன்று காலை பதினொரு மணிக்கு வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், மாடியறையில் படுத்த படுக்கையாக என் மனைவி, அவளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ், என் மருமகள், இன்டர்நெட் இணைப்புக்காரர். வேறு யாரும் இல்லை. ஆளாளுக்குக் கதை கட்டுவதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இணைப்புக்காரரை வரவழைத்தது நான்தான். முந்தின வாரம் மனைவியின் மூச்சுக் கருவியை வைஃபையில் சேர்க்க வந்தவர், ரவுட்டரில் இருந்த பட்டியலைக் காட்டினார். எந்தக் கருவிக்கு எந்த எண் என்று ஒதுக்கி வைத்த பட்டியல். ஒன்று ரவுட்டருக்கு. இரண்டு என் தம்பியின் போனுக்கு. மூன்றுதான் எனக்கு.

தம்பி செத்து எட்டு மாதம் ஆகிறது. பட்டியலைப் போட்டவனும் அவன்தான். சம்பந்தி வீட்டார் முன்னால் என்னை எதிர்த்துப் பேசியவன். அதன்பின் ஒன்பது வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் அவன் முகத்தில் நான் விழிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. மூத்தவன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது எனக்கு முன்னால் தனக்கு இடம் போட்டுக்கொண்டிருக்கிறான். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"செத்தவரோட நம்பருக்குச் சண்டையா மாமா?" என்றாள் மருமகள்.

இரண்டாம் எண்ணை என் போனுக்கு மாற்றச் சொன்னேன்.

ரவுட்டரை ஒரு நிமிடம்கூட அணைக்கக் கூடாது என்பது நர்ஸின் கண்டிப்பு. மனைவியின் மூச்சு, கருவிக்குக் கொடுத்த ஐந்தாம் எண் வழியாக ஹாலில் ஒரு சின்ன ஸ்பீக்கரில் கேட்கும். தடைப்பட்டால் அது அலறும். அதை நம்பித்தான் நர்ஸ் சாப்பிடக் கீழே வருவாள். அணைக்கத் தேவையே இல்லை என்றார் இணைப்புக்காரர். பட்டியலில் எண்ணை மாற்றிச் சேமித்து, என் போனில் மட்டும் வைஃபையை நிறுத்திப் போட்டால் போதுமாம்.

மாற்றினார். சேமித்தார். என் போன் இணையவில்லை. இரண்டாம் எண்ணில் ஏற்கெனவே ஒருவர் இருப்பதாகத் திரை காட்டியது.

தம்பியின் போன் என் இரும்பு அலமாரியில் பூட்டிக் கிடந்தது. சாவி என் இடுப்பில். திறந்து எடுத்தேன். எட்டு மாதமாகச் சார்ஜ் ஏறாத போன்.

கையில் சுட்டது.

"ரெண்டாம் நம்பரைக் கூப்பிட்டா பதில் வருது சார்," என்று முணுமுணுத்தார் இணைப்புக்காரர்.

பதிலா? அவனைத் துடைத்து வெளியே போடு என்று கத்தினேன். அவர் தம்பியின் பதிவையே அழித்தார்.

ஹாலில் தம்பியின் சிகரெட் வாடை வந்தது.

ஸ்பீக்கரில் மூச்சு மாறியது. இழுத்து இழுத்து, நெஞ்சுச் சளி கரகரக்க, நடுவில் ஒரு சீழ்க்கையோடு.

அது என் மனைவியின் மூச்சு அல்ல. அந்த இழுப்பை அடுத்த அறையிலிருந்து வருடக்கணக்காகக் கேட்டிருக்கிறேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த நர்ஸ் மாடிக்கு ஓடினாள்; பின்னாலேயே நானும் படியேறினேன். அங்கே மாஸ்க் கழன்று, மனைவியின் உதடு நீலம் பாரித்திருந்தது. கருவி அலறிக்கொண்டிருந்தது. கீழே எங்களுக்கு அவன் மூச்சு மட்டும்தான் கேட்டது.

"மாட்டினா நிக்க மாட்டேங்குது ஐயா," என்றாள் நர்ஸ், படியில் நின்ற எனக்கு மட்டும் கேட்கும் குரலில். "யாரோ இழுக்கிறாங்க."

திரும்பினேன். மருமகளும் வேற்றாளான அந்த இணைப்புக்காரரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறங்கி ஸ்பீக்கர் முன்னால் போய் நின்றேன். கோபத்தில்.

"ரெண்டு உன்னோடதுடா. வச்சுக்கோ. அவளை விடு."

இணைப்புக்காரர் பழைய பதிவைத் திரும்பப் போட்டுச் சேமித்தார். இழுப்பு நின்றது. பிறகு மனைவியின் மூச்சு, மெலிதாக, சீராக.

நான் விட்டுக்கொடுத்ததும் தம்பி மனம் குளிர்ந்து போய்விட்டான் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. அந்தப் போனை அன்றைக்கே சுத்தியலால் நொறுக்கினேன். இரண்டாம் எண் இன்னும் பதில் சொல்கிறது. நேற்றிலிருந்து மூன்றாம் எண்ணிலும் அவன்தான் இருக்கிறான்.