முடிவு பதியப்படவில்லை

திங்கட்கிழமை வகுப்பில் ரெனிஷா தன் நோயாளியின் நடக்காத வாழ்க்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் அந்தப் பெரியவர் மகளின் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். நிஜத்தில் அவர் நெஞ்சில் குழாயோடு மூன்றாம் வார்டில் படுத்திருந்தார். கல்யாணம் தள்ளிப்போயிருந்தது.

“இவருக்கு ஊசியே தேவைப்படலை,” என்றார் பேராசிரியை கிறிஸ்டிபாய். “நீ நெஞ்சுல குத்துனதாலதான் நல்லா இருந்த நுரையீரல் சுருங்கிப்போச்சு.”

வகுப்பு முழுவதும் அவளைப் பார்த்தது. மதிப்பெண் குறைந்தது ரெனிஷாவுக்கு உறைக்கவில்லை. அந்த இலைதான் உறைத்தது.

கடற்கரை ஊர்களில் மருத்துவர்கள் அருகிப்போனபின், மேனிலைச் செவிலியம் படித்தவர்களுக்கும் அதன் கடைசி ஆண்டு மாணவிகளுக்கும் முடிவுரிமை தரப்பட்டது. நோயைக் கண்டறியலாம், மருந்து எழுதலாம், அவசரத்தில் யாரையும் கேட்காமல் கைவைக்கலாம். மக்கள் பயந்தார்கள். அந்தப் பயத்தைப் போக்க வந்ததுதான் மாற்றுவழிக் காட்டி. செவிலியர் மணிக்கட்டுப் பட்டையில் ‘முடிவு’ என்று அழுத்திய கணத்திலிருந்து, நோயாளியின் உடலைப் போலவே இன்னோர் உடலைக் கணினிக்குள் வளர்த்து, அதை வேறு வழியில் நடத்திப் பார்க்கும். நீ செய்யாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று காட்டும். காட்டியில் தேறாமல் பட்டம் கிடையாது.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் தாசையனைக் கொண்டுவந்தார்கள். துறைமுகத்தில் ஐஸ் பெட்டி சரிந்து நெஞ்சில் விழுந்திருந்தது. மூச்சுவிடத் திணறினார். கூடவே அவர் மனைவி புஷ்பம், செருப்பில்லாமல் ஓடி வந்தாள்.

ரெனிஷா காதில் குழலை மாட்டிக் கேட்டாள். இடப்பக்கம் மூச்சுச் சத்தமே இல்லை. கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. மூச்சுக்குழாய் வலப்பக்கம் ஒதுங்கியிருந்தது. நுரையீரலுக்கு வெளியே காற்று அடைத்துக்கொண்டு இதயத்தை நெருக்குகிறது. ஊசியைக் குத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். படம் எடுக்கக் காத்திருக்கக் கூடாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

ஊசியைக் கையில் எடுத்தாள். கட்டைவிரல் ‘முடிவு’ பொத்தானுக்குப் போனது. அப்போது கண்முன் அந்தக் கல்யாண இலை வந்து நின்றது.

பொத்தானை அழுத்தாமல் ஊசியைத் தட்டில் வைத்தாள்.

“ஸ்கேன் கொண்டு வாங்க,” என்றாள். அறுவை அரங்கில் இருந்த மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தாள். “சார், ஒரு தடவை நீங்க பாத்துட்டா நல்லாருக்கும்.”

“நான் கேஸ்ல இருக்கேன்மா. ஒனக்குத்தான் உரிமை இருக்கே?”

“இருக்கு சார். இருந்தாலும்…”

ஸ்கேன் வண்டி நடைபாதையில் திரும்புவதற்குள் தாசையனின் இதயம் நின்றுவிட்டது. மருத்துவர் கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து ஊசியைக் குத்தினார். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. எல்லோருக்கும் கேட்டது. இதயம் மட்டும் திரும்பவில்லை.

அடுத்த திங்கள் திரை வெறுமையாக இருந்தது. நடுவில் இரண்டே வரி: ‘செவிலியர் முடிவு பதியப்படவில்லை. குறை: இல்லை.’

ரெனிஷா எழுந்து நின்றாள். “மேடம், நான் குத்தியிருக்கணும்.”

கிறிஸ்டிபாய் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “ஒரு முடிவு எடுத்தாத்தானே வழி ரெண்டாப் பிரியும்? நீ எடுக்கலை. காட்டிக்குத் தொடங்க எடமில்லை.” மதிப்பெண் ஏட்டைத் திறந்து, “உக்காரு. இந்த மாசம் ஒனக்கு முழு மார்க்கு,” என்றார்.

திட்டமாட்டார்களா என்று அவள் வகுப்பைத் திரும்பிப் பார்த்தாள். யார் முகத்திலும் கோபமில்லை. வெற்றுத் திரையைப் பாடம் படிப்பதைப் போல எல்லோரும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உறவினர்களுக்கும் காட்டியைப் பார்க்க உரிமை உண்டு. மாலையில் புஷ்பம் வந்தாள். ரெனிஷாதான் திரையைப் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. புஷ்பம் எழுத்துக் கூட்டி வாசித்தாள். பிறகு நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

“அக்கா, இது பொய். ஊசி எனக்க கையில இருந்துச்சு. குத்தியிருந்தா அண்ணன் பொழச்சிருப்பாரு. நான் பயந்துட்டேன்.”

புஷ்பம் திரையை மறுபடி பார்த்தாள். “இதுல அப்படி ஒண்ணும் இல்லையே மக்ளே?”

“இதுக்குத் தெரியாதுக்கா. எனக்குத் தெரியும்.”

“மெஷினுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிருமா?” புஷ்பம் முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். “எனக்காகப் பழிய ஏன் தலையில தூக்கிப்போடுக? அவசரப்படாம, கைய வைக்காம நிதானமா நின்னியே, அதையே இனியும் செய்யி. எனக்க மகனும் துறைமுகத்துலதான் வேல பாக்கான். அவனுக்கு ஒண்ணுன்னாலும் நான் ஒனக்கிட்டதான் கொண்டு வருவேன்.”